மாமா கூப்பிடுகிறார்

அந்தத் தெருவில் புது இன்டர்நெட் பெட்டி மாட்டாத இடம் சலவைக்கடை ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மாட்டிவிட்டார். பல் டாக்டர் மாட்டிவிட்டார். எதற்கும் கடைசியாக வரும் பழைய இரும்புக்கடைக்காரர்கூட மாட்டிவிட்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "வயரே கிடையாது தெரியுமா, காத்துலயே வருது" என்று காட்டிக்கொண்டிருந்தார். மாடிக்கு மாடி வெள்ளைத் தட்டு ஒன்று, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு நாளும் தெருவுக்குக் குறுக்கே காக்கைகளுக்கு ஊஞ்சலாகத் தொங்கிய கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

சலவைக்கடைக்கு அது ஆசைக்கு வந்ததல்ல, அவசரத்துக்கு வந்தது. கீழே கடை, மேலே வீடு. லாட்ஜ் விரிப்புகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கறை பார்த்துப் பிரித்து, ராட்சத உருளைகளில் போட்டுச் சுழற்றி, பிழிந்து, சூட்டு உருளையில் விட்டு எடுத்து, மடித்துக் கட்டவேண்டும். இப்போது லாட்ஜ்காரர்கள் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லையைத் தைத்து அனுப்பினார்கள். கருவியைக் காட்டினால் எந்த விரிப்பு எங்கே இருக்கிறது என்று லாட்ஜில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்வார்களாம். பழைய லைனில் அது திணறியது. "சீக்கிரம் சரி பண்ணுங்க, இல்லன்னா வேற கடை பாத்துக்கறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கடைக்காரர் அன்றைக்கே புதுப் பெட்டிக்குச் சொல்லிவைத்தார்.

மேலே வீட்டில் கடைக்காரரின் அப்பா படுத்திருந்தார். லாரி ஓட்டிய மனிதர். நன்றாக இருந்த காலத்தில் அவர் பேசினால் தெருமுனையில் கேட்கும். ஹாரனே வேண்டாம், நீ கத்தினால் போதும் என்று கிளீனர்கள் கிண்டல் செய்வார்களாம். ஒரு விடியலில் வாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது கை மிச்சம். அந்தக் கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொத்தானை நாடாவில் கோத்துக் கட்டியிருந்தார்கள். அவர் அழுத்தினால் அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். கீழே மருமகளின் இடுப்பில் செருகிய போன் அதிரும்.

உருளைகள் ஓடும்போது கடைக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் இடுப்பில் அதிர்ந்தால் தெரியாமல் போகுமா? அவள் சட்டென்று ஒரு துள்ளுத் துள்ளுவாள். எதிரில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும் இஸ்திரிக்காரம்மா, "போ போ, உன் ஆளு கூப்பிடறாரு" என்று சிரிப்பாள். அந்த வீட்டில் அதற்குப் பொத்தான் என்றோ கருவி என்றோ பெயர் கிடையாது. "மாமா கூப்பிடறாரு", அவ்வளவுதான்.

தண்ணீருக்குக் கூப்பிடுவார். புரட்டிப் படுக்கவைக்கக் கூப்பிடுவார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் கூப்பிடுவார். சில சமயம் ஒன்றுமே இருக்காது. அவள் மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றதும் பாதி வாயால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கூப்பிட்டால் வருகிறாளா என்று பார்த்துக்கொள்வதுதான். மனிதனுக்கு அந்த நிச்சயம் ஒன்று போதும், மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்வான்.

பெட்டி மாட்டுகிற அன்று காலையிலிருந்தே மழை மூட்டம். காற்று அசையவில்லை. லாட்ஜ் மூட்டைகள் வாசல்வரை குவிந்து கிடந்தன. மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தலையணையை நகர்த்தினாள், இறங்கினாள். கூப்பிட்டார். போர்வையை விலக்கினாள், இறங்கினாள். மறுபடி கூப்பிட்டார். ஏறிப் போனால் சிரிக்கிறார்.

"மாமா, எனக்கும் ரெண்டு காலுதான் இருக்கு. இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா சும்மா அழுத்தாதீங்க. அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க. நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

அவர் சிரிப்பு அடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புழுக்கமாக இருக்கிறதே என்று கட்டிலை ஒட்டிய ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு இறங்கினாள்.

கம்பெனி ஆள் வந்துவிட்டிருந்தான். நெட்டையாக, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவன். தெருவே அவனை டவர் என்றுதான் கூப்பிட்டது. அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தான்.

"என்னப்பா டவரு, மாடியில தட்டு வைக்கிறதுக்குப் பதிலா நீயே போய் நின்னுடலாமே" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"நிப்பேன்க்கா. மத்தியானம் ஒரு வேளை சோறு அனுப்பிச்சீங்கன்னா நாள் பூரா நிப்பேன்."

"அப்ப தட்டே பரவால்ல. அது சோறு கேக்காது."

மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி வேலையை முடித்தான். பழைய வயரை வாசலில் அறுத்துச் சுருட்டினான். அப்புறம் பில் போடும் மிஷினைத் தட்டிப் பார்த்தான், வில்லை படிக்கும் கருவியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், கடைக்காரர் போனையும் அவள் போனையும் வாங்கிப் பார்த்தான்.

"பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு, ரெண்டையும் அப்படியே இதுல போட்டுட்டேன் அண்ணே. நீங்க எதையும் தொட வேணாம். எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்." அவள் பக்கம் திரும்பினான். "வேற ஏதாவது வைஃபைல ஓடுதாக்கா? மேல வீட்ல?"

"டிவி ஒண்ணு இருக்கு தம்பி. அவ்ளோதான்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்ல என்ன ராக்கெட்டா விடறோம்?"

அவன் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினான். அவள் பொய் சொல்லவில்லை. மறந்தாள் என்றும் சொல்ல முடியாது. டிவி ஒரு சாமான், மிஷின் ஒரு சாமான். மாமா கூப்பிடுவதை யாராவது சாமான் கணக்கில் சேர்ப்பார்களா?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. புதுப் பெட்டி சொன்னபடி வேலை செய்தது. கருவியை மூட்டைக்கு மேலே வீசிக் காட்டினால் அத்தனை விரிப்பும் ஒரே மூச்சில் கணக்கில் ஏறியது. மேனேஜரே போன் செய்து பாராட்டினார். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, போன்ல அந்த வட்டம் ஒரு சுத்து கூட சுத்தல" என்று யாரைப் பார்த்தாலும் சொன்னார்.

மருமகளும் இஸ்திரிக்காரம்மாவும் விரிப்பு மடித்தார்கள். ஆளுக்கு ஒரு முனை. உதறி, இழுத்துப் பிடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து, முனைகளைக் கைமாற்றிவிட்டு மறுபடி பின்னால் போவார்கள். நெருங்கி வரும்போதுதான் பேச்சு காதில் விழும்.

"என்ன, இன்னிக்கு உன் ஆளு கூப்பிடவே இல்ல?"

பின்னால் போய், முன்னால் வந்தாள். "காலையில கொஞ்சம் சொல்லிட்டேன். ரோஷக்காரரு."

பின்னால். முன்னால். "விடு, நல்லதாப் போச்சு. ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடு."

அவள் அன்றைக்கு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சோறு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டாள். நடுவில் ஒரு தடவை, மேலே போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. கோபம் தணியட்டும், தானாகக் கூப்பிடுவார் என்று இருந்துவிட்டாள். இடுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்கு இதமாகக்கூட இருந்தது.

பாலில் ரொட்டியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு அவள் மேலே போனபோது கட்டிலில் ஆள் இல்லை. மழைச்சாரல் அடித்து மெத்தை பாதி நனைந்து கிடந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். ஒரு கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. உடம்பெல்லாம் ஈரம். பல் கிட்டித்துப்போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவள் வந்து நின்ற பிறகும் விரல் நிற்கவில்லை.

சாரல் அடித்ததும் கூப்பிட்டிருக்கிறார். விளக்கு எரிந்தது, அவள் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் தானே ஜன்னலை இழுத்துச் சாத்த எட்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இடுப்பெலும்பு விட்டுப்போய்விட்டது, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் இருதயம் தாங்காது, நெஞ்சிலும் சளி கட்டிவிட்டது. "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க. வலி தெரியாம பாத்துக்குங்க. பக்கத்துலயே இருங்க."

செய்தி கேட்டு நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர். உயிர் போகிற வலியில் வாயில் வந்ததைப் பேசினாள்.

"அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் கூப்பிட்டிருக்காரு. இடுப்புலதானே வச்சிருந்தீங்க அண்ணி போனை? இல்ல, தூக்கி எங்கயாவது போட்டுட்டீங்களா?"

"இடுப்புலதான் இருந்துச்சு."

"அப்ப?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். அன்று காலைக்குப் பிறகு மாமா கூப்பிட்டதாக அதில் ஒன்றுமே இல்லை.

"அழிச்சிருப்பாங்க" என்றாள் நாத்தனார்.

கடைக்காரர் பெண்சாதி முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "காலையில அப்பாவத் திட்டினியாமே?"

"திட்டல. சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. மாமா அவள் கையால் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் கரண்டியை நீட்டினால் உதடு இறுகிவிடும். மகளோ மகனோ நீட்டினால் திறக்கும். பொத்தானைக் கையில் வைத்தாள். விரல்களை விரித்து நழுவவிட்டார். அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். தானே ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றினாலும் அழுத்தத் துணிவு வந்திருக்காது. உருளைச் சத்தத்தில் எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

சாமி படத்துக்கு முன்னால் நின்று அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "அவரு போறதுன்னா போகட்டும். கூப்பிட்டும் வரலன்னு நெனச்சுக்கிட்டே போகக் கூடாது. அத மட்டும் பண்ணிக்குடு." அதை எப்படிச் செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

கடையை மூட முடியவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் காத்திருக்குமா? பின்கட்டு மூலையில் மட்டும் கருவிக்குச் சிக்னல் எடுக்கவில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட, ஒரு மழைப் பிற்பகலில் டவர் ஏணியோடு வந்தான். மாமாவின் அறை வழியாகத்தான் மொட்டை மாடிக்குப் போகவேண்டும். படுத்திருப்பவரைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓசைப்படாமல் நடந்தான். பெரியவர் விழுந்துவிட்டார் என்று மட்டும் இஸ்திரிக்காரம்மா அவனிடம் சொல்லியிருந்தாள்.

"எப்படிக்கா இருக்காரு?"

"இருக்காரு தம்பி."

ஜன்னல் விளிம்பில் அவன் கண் நின்றது. பொத்தானை எடுத்தான். திருப்பிப் பார்த்தான்.

"இது என்னக்கா?"

"மாமா கூப்பிடறது."

"எதுல ஓடுது? இதுலயே மணி அடிக்குமா?"

"இல்ல. என் போன்ல வரும்."

அவன் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். பொத்தானை ஒருமுறை அழுத்தினான். விளக்கு எரிந்தது. அவள் இடுப்பைப் பார்த்தான். போன் இருக்கிறது. அசையவில்லை. அவளும் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினான். விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை.

தன் போனை எடுத்து எதையோ திறந்தான். விரல் திரைக்கு மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இப்ப இதுல ஒண்ணத் தட்டினா போதும்க்கா, சரியாப் போயிடும். யாருக்கும் தெரியாது. தட்டிட்டு மாடிக்குப் போயிடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்." பொத்தானைத் திருப்பிக் காட்டினான். "இது பழைய சாமான். புதுப் பெட்டி போடற பூட்டு வேற மாதிரி. இதுக்கு அதத் திறக்கத் தெரியாது. பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்தாலும் உள்ள வர முடியாது. வெளியவே நிக்கும். விளக்கு மட்டும் எரியும்."

"அப்படின்னா?"

"நான் அன்னிக்குப் பெட்டி வச்சதுலேருந்து அவரு கூப்பிட்டது எதுவும் உங்களுக்கு வரலக்கா. வரவே இல்ல."

அவள் கட்டில் கால் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று அவன் நினைத்தான். வரவில்லை. "நீ கேட்டியே தம்பி. நான்தான் அவ்ளோதான்னு சொன்னேன்" என்றாள்.

"வாய்ல கேட்டா போதுமா? இந்த அறை வழியாத்தானே அன்னிக்கு ஏறி இறங்கினேன். ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா அவரு கையில தெரிஞ்சிருக்கும்."

விஷயம் கீழே போனதும் கடைக்காரர் மூன்று படிகளை ஒன்றாகத் தாவி வந்தார். டவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவன் கையைத் தடுக்கவில்லை. அவ்வளவு உயர மனிதன் அவர் பிடிக்குள் சுருங்கி நின்றான்.

"கம்பெனிக்குச் சொல்லுங்க அண்ணே. என்னை நிறுத்துவாங்க. நிறுத்தட்டும்."

"அடிச்சா எலும்பு கூடிடுமா? விடுங்க" என்று இஸ்திரிக்காரம்மா நடுவில் வந்தாள். "அவன் வாயத் தொறக்கலன்னா இந்தப் பொண்ணு சாகற வரைக்கும் இதச் சுமந்திருக்கும். அத யோசிங்க."

கடைக்காரர் பிடியை விட்டார். பெண்சாதியைப் பார்த்தார். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

டவர் போனை எடுத்தான். "மொதல்ல இதச் சரி பண்ணிடறேன்."

"வேணாம்" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இப்பச் சரி பண்ணாத. மொதல்ல அவருக்குக் காட்டு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

டவர் கட்டிலருகே மண்டியிட்டான். மண்டியிட்டும் அவன் தலை மாமாவின் தலைக்கு மேலேதான் இருந்தது. இன்னும் குனிந்தான்.

"ஐயா. நான் பெட்டி மாட்டின ஆளு. கண்ணத் தொறந்து பாருங்க."

மாமா கண்ணைத் திறந்தார். மூச்சு நெஞ்சுக்குள் கரகரத்தது.

"இது உங்களுது. அழுத்துங்க. அக்கா போனு இதோ, உங்க கண்ணு முன்னாடி வைக்கிறேன். அழுத்துங்க ஐயா."

பொத்தானை அவர் கையில் வைத்தான். விரல்கள் மூடவில்லை. அவனே அவருடைய கட்டைவிரலை எடுத்து அழுத்தினான். விளக்கு எரிந்தது. போர்வைமேல் கிடந்த போன் செத்ததுபோல் கிடந்தது.

"பாத்தீங்களா? விளக்கு எரியுது. அங்க வரல. நீங்க அன்னிக்குக் கூப்பிட்டது இவங்களுக்குத் தெரியவே தெரியாது. தப்பு என்னோடது ஐயா. இவங்களோடது இல்ல."

மாமா போனைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை தானாகவே. விளக்கு. போன் அசையவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. லாரியில் ஏதோ ஒரு சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் இறங்கி அடியில் படுத்துப் பார்க்கிறவர் அல்லவா, அப்படிப் பார்த்தார். கடைசியில் பொத்தானைப் போர்வைமேல் விட்டுவிட்டு அந்தக் கையைத் தூக்கினார். அது டவரின் தலைமேல் போய் விழுந்தது. டவர் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் மாமாவின் முகத்தையே பார்த்தாள். அவனை மன்னித்துவிட்டார். என்னை?

டவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். போனில் அந்த ஒன்றைத் தட்டினான். மாடியில் பார்க்க வந்த வேலையை அப்படியே விட்டான். "இந்த ஏரியா பூரா நான்தான்க்கா மாட்டினேன். எத்தன வீட்ல இந்த மாதிரி படுத்திருக்காங்களோ தெரியல. ஒவ்வொரு வீடாப் போய் உள்ள நுழைஞ்சு பாத்துட்டு வரேன்." ஏணியைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவள் மட்டும் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் அவளைப் பழியிலிருந்து பூரணமாக விடுவித்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த விடுதலையோடு பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"மாமா, நீங்க கூப்பிட்டது எனக்கு வரல. அது நெசம். ஆனா சத்தமில்லாம இருந்துச்சே, அது எனக்கு நல்லா இருந்துச்சு. நிம்மதியா உக்காந்து சாப்பிட்டேன். மேல வரலாம்னு தோணிச்சு, வரல. அத அந்தத் தம்பி உங்ககிட்ட சொல்லல. அதான் நான் சொல்றேன்."

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, விழுந்து உள்ளே போனதா, தெரியவில்லை. வெளியே யார் வீட்டு மாடியிலோ தட்டின்மேல் மழை சடசடத்தது.

அவள் டம்ளரிலிருந்து கரண்டியில் தண்ணீர் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். வற்புறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை.

உதடு திறந்தது.

பாதித் தண்ணீர் உள்ளே போனது. பாதி கன்னத்தில் வழிந்தது. அது மன்னிப்பா, வெறும் தாகமா என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் இல்லை. வழிந்ததைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டி எடுத்தாள்.